பதிமூன்றாவது ஊர்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணா,

நலம்தானே? அண்ணியின் முதுகுவலி குறைந்ததா? இங்கே மூவரும் சௌக்கியம். சின்னவளுக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது. குப்புற விழுந்து தலையைத் தூக்கிக்கொண்டு வீட்டையே மேற்பார்வை பார்க்கிறாள்.

ஒரு உதவி வேண்டும், சிரிக்காதே. டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து வைக்கிற கம்ப்யூட்டர் ஒன்று எனக்கு வேண்டும். உன் கடையில் பழைய பாகங்கள் மலைபோலக் குவிந்திருக்கும். நீ அனுப்பினால் நான் பூட்டிக்கொள்கிறேன். மூன்று வருஷம் காலேஜில் இயற்பியல் படித்தது இதற்காவது உதவட்டும்.

எதற்கென்று உனக்குத் தெரியாமல் இருக்காது. சாயங்காலம் ஏழு இருபதுக்கு அப்பா வானிலை வாசிக்கிற அந்த ஐந்து நிமிஷம்தான் மூன்று வருஷமாக எனக்குக் கிடைக்கிற அப்பா. கல்யாணத்தைப் பதிவு செய்துவிட்டு நாங்கள் இருவரும் சாப்பிடப் போன இடத்திலும் சுவரில் அவர்தான் இருந்தார். 'நாளை வானம் தெளிவாகக் காணப்படும்' என்றார். 

இப்போது சரியாக ஏழு இருபதுக்குத்தான் இவள் வீறிடுகிறாள். பால், துணி, தூக்கம் என்று எல்லாம் முடிந்து தலை நிமிர்ந்தால் ஏதோ விளம்பரம் ஓடுகிறது. மூன்று வாரமாக அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

இவருக்குக் கேலி. "உங்கப்பா மழை வரும்னு சொல்றதைக் கேக்க ஒரு கம்ப்யூட்டரா? ஜன்னலைத் திறந்தா தெரிஞ்சுடுமே" என்றார். சொல்லிவிட்டு அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்தும் கொடுத்துவிட்டார்.

போனில் கேட்டிருக்கலாம். உங்கள் வீட்டுப் போன் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறதே. அதனால்தான் கடை முகவரிக்கு எழுதுகிறேன். அவரிடம் சொல்லாதே.

உன் அன்புத் தங்கை


ஜனவரி 24

அன்புள்ள வாலு,

எல்லோரும் நலம். அண்ணியின் முதுகுவலி அவளுடைய அம்மா வந்தால் குறைகிறது, என் சட்டைக்கு இஸ்திரி போடச் சொன்னால் கூடுகிறது. மருமகளுக்கு என் முத்தம்.

பெட்டி இந்தக் கடிதத்தோடு வரும். போனில் சொன்னால் நீ பாதி கேட்டுவிட்டு மீதியை உன் இஷ்டத்துக்குச் செருகுவாய். எழுத்தில் இருந்தால் திரும்பப் படிக்கலாம். உள்ளே கை வைக்கும் முன்பு இரும்புச் சட்டத்தைத் தொடு, உடம்பிலுள்ள மின்சாரம் இறங்கட்டும். தனிப் பையில் இருப்பது ட்யூனர் கார்டு, டிவி ஒயர் அதில்தான் வந்து சேரும். அதை வெள்ளைப் பள்ளத்தில் இரண்டு கட்டைவிரலாலும் சமமாக அழுத்து. 'டக்' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் உட்காரவில்லை என்று அர்த்தம். பதிவு செய்யும் மென்பொருளை நானே ஏற்றி, ஏழு இருபதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

சீக்கிரம் பூட்டிவிடு. அப்பா இன்னும் சில மாதம்தான் வாசிப்பாராம். தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்கிறார். வெந்நீர் பிளாஸ்க் இல்லாமல் ஸ்டுடியோவுக்குப் போவதில்லை.

அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. யாரோ வாடிக்கையாளருக்கு என்றுதான் சொன்னேன். பெட்டிக்குள் காகிதம் திணித்து, இறுக்கிக் கட்டி, முகவரிச் சீட்டை ஒட்டியது அவர்தான். எனக்குக் கட்டத் தெரியாதாம்.

அண்ணா


பிப்ரவரி 16

அன்புள்ள அண்ணா,

நலம், நலமறிய ஆவல். பெட்டி ஓடுகிறது!

சும்மா ஓடிவிடவில்லை. ஒரு ஸ்குரூ உள்ளே விழுந்து, பெட்டியைக் கவிழ்த்து உலுக்கி எடுத்தோம். சிடி போடுகிற தட்டு வெளியே வந்ததும் இவள் அதில் பிஸ்கட்டை வைத்துவிட்டாள், அது சமர்த்தாக உள்ளே இழுத்துக்கொண்டது. 'டக்' சத்தம் மூன்றாவது தடவைதான் கேட்டது.

பதிமூன்றாம் தேதி முதல் பதிவு. இவளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். நிறுத்தலாம், திருப்பி ஓட்டலாம் என்பதே எனக்குப் பெரிய ஆச்சரியம். அப்பாவை நிறுத்தி வைத்துவிட்டுப் பால் கலக்கிக்கொண்டு வந்தேன் அண்ணா. அவர் காத்திருந்தார். என் வாழ்நாளில் அப்பா எனக்காகக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

இளைத்துவிட்டாரா, அல்லது அந்தப் பழுப்புச் சட்டை அப்படிக் காட்டுகிறதா? பன்னிரண்டு ஊர் சொன்னார். எங்கள் ஊர் எப்போதும்போல இல்லை. இங்கே பள்ளிக்கூடத்தில் மழைமானி இருக்கிறது, வாத்தியார் தினமும் அளந்து அனுப்புகிறாராம். அப்படியும் எங்களுக்கு மட்டும் வானிலையே கிடையாது போல.

சந்தேகங்கள்: பெட்டிச் சூடு குழந்தைக்கு ஆகாதா? விசிறிச் சத்தம் காதைக் கெடுக்குமா? டிஸ்க் நிறைந்துபோனால் என்ன ஆகும்?

அன்புடன்,
தங்கை


பிப்ரவரி 25

அன்புள்ள வாலு,

நலம். சூட்டுக்கும் சத்தத்துக்கும் பயப்படாதே. ஆனால் பெட்டிமேல் துண்டைப் போட்டு மூடாதே. உன்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

டிஸ்க் நிறைந்தால், இருப்பதிலேயே பழையதை அதுவே அழித்துவிட்டுப் புதியதை எழுதும். அழியக் கூடாதது எதுவோ அதன் எதிரே உள்ள பூட்டுப் படத்தை அழுத்து. பூட்டியதைத் தொடாது. இதை மட்டும் மறக்காதே.

தினமும் பார்க்கிறாயா? செவ்வாய்க்கிழமை என்ன சட்டை போட்டிருந்தார் என்று கவனித்தாயா?

உன் போன கடிதம் கடை மேஜையில் இருந்தது. அப்பா மதியம் வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். வழக்கமாக வருகிறவர் இல்லை. பேனா வாங்க வந்தேன் என்றார். கம்ப்யூட்டர் கடையில்.

அண்ணா


மார்ச் 22

அன்புள்ள அண்ணா,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. அண்ணி சுகம்தானே?

இவளுக்குப் பல் முளைக்கிறது. அதோடு காய்ச்சல், அதோடு வயிற்றுப்போக்கு. எது எதனால் என்று தெரியாமல் நான் பாதி ஆளாகிவிட்டேன். பெட்டி இல்லாவிட்டால் என்ன செய்திருப்பேனோ. காலையில் குழந்தை மருத்துவர் பேசுகிற நிகழ்ச்சி ஒன்று வருகிறது, மத்தியானம் இன்னொன்று. இரண்டையும் பதிவு செய்கிறேன். எந்த நேரத்தில் எது தேவைப்படுமோ என்று ஒன்றுவிடாமல் பூட்டி வைத்திருக்கிறேன். மூச்சுத்திணறலைப் பற்றி மட்டும் நாலு இருக்கிறது. "டாக்டரையே பெட்டிக்குள்ள பூட்டி வெச்சுட்டே" என்கிறார் இவர். இவள் சாப்பிடுவதற்குக் கார்ட்டூன் வேறு.

அப்பா தினமும் பதிவாகிறார். பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறார்.

அன்புடன்,
தங்கை


மார்ச் 30

அன்புள்ள வாலு,

மருமகளின் காய்ச்சல் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். பல் வந்தால் போட்டோ அனுப்பு.

பார்த்தேன் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். சட்டையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே.

ஒரு நாளாவது கடைசி வரை பார். ஊர்ப் பட்டியல் முழுக்க முடிகிற வரைக்கும். இதற்கு மேல் எழுதுவதற்கில்லை. உனக்கு நேரம் கிடைக்கும்போது இரண்டு வரி எழுது. எனக்குத்தான் எழுத வேண்டும் என்றில்லை.

அண்ணா


மே 9

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்துக்கு நாற்பது நாள் கழித்துப் பதில் எழுதுகிறேன். இத்தனை நாளும் எழுதுகிற நிலையில் நான் இல்லை. இப்போது எல்லோரும் நலம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரல் இருபதாம் தேதி இவருடைய நண்பர் வீட்டுக்கு இவளையும் தூக்கிக்கொண்டு போனோம். போகும்போது நல்ல வெயில். திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் பிடித்துக்கொண்டது மழை. கூரை இல்லை, கையில் குடை இல்லை, குளிர்காற்று வேறு. மூன்றாம் நாள் நெஞ்சுச்சளி கட்டி மூச்சு வாங்க ஆரம்பித்தாள். ஆறு நாள் ஆஸ்பத்திரி. அந்த மூக்குக் குழாயை என்னால் மறக்கவே முடியாது. வானிலை வாசிக்கிறவரின் பெண் பிள்ளையோடு நனைந்தாள் என்று யாரிடம் சொல்ல? பள்ளிக்கூடம் போகும்போது அப்பா வேறு எதுவும் பேச மாட்டார், 'குடை எடுத்துக்கிட்டியா' என்பது மட்டும் தவறாது. நினைத்துக்கொண்டேன்.

இப்போது தேறிவிட்டாள். இரண்டு பல்லையும் காட்டிச் சிரிக்கிறாள்.

நேற்று கூடத்தைக் கடந்து போகும்போது டிவியில் ஒரு பெண் வானிலை வாசித்துக்கொண்டிருந்தாள். அப்பா லீவா? கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்ததும் ஒருநாள் உட்கார்ந்து அவர் வாசித்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் பார்க்கப் போகிறேன்.

அன்புடன்,
தங்கை


மே 16

அன்புள்ள வாலு,

மருமகள் தேறியதில் நிம்மதி. ஆஸ்பத்திரி என்று ஒரு போன் செய்திருக்கலாம். ஆனால் அதைச் சொல்லும் தகுதி எனக்கும் இல்லை.

அப்பாவுக்குக் குரல்வளையில் கட்டி. டிசம்பரிலேயே தெரியும், அவர்தான் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார். மே இரண்டாம் தேதி குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். வீட்டுக்கு வந்துவிட்டார், கஞ்சி குடிக்கிறார், நடக்கிறார். கழுத்தில் வைத்த துளை வழியாக மூச்சு விடுகிறார். குரல் இல்லை. இனி வராது.

முகவரிச் சீட்டை ஒட்டும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் உனக்கு எழுதி அனுப்பிய பிறகு, எதற்கு அந்தப் பெட்டி என்று கேட்டார், சொன்னேன்.  உன் பிப்ரவரிக் கடிதத்தைக் கடையில் உட்கார்ந்து படித்தார். நான் கொடுக்கவில்லை, அவராகத்தான் எடுத்தார். மறுவாரமே பீரோவிலிருந்து அந்த நீலச் சட்டையை எடுத்தார். நீ முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது, அவர் பிரிக்காமலே வைத்திருந்தாரே, அதேதான். மடிப்புக்கூடக் கலையாமல் போட்டுக்கொண்டு போய் வாசித்தார்.

மார்ச்சிலிருந்து உன் ஊரைச் சேர்த்தார். பன்னிரண்டு ஊர் முடிந்ததும் பதிமூன்றாவதாக. உன் கல்யாணத்துக்குப் பிறகு அந்த ஊர்ப் பெயரை அவர் வாயால் நான் கேட்டதில்லை. தினமும் டிவியில் சொன்னார். ஏப்ரல் பத்தொன்பது அன்று உன் ஊரில் மறுநாள் மாலை மழை என்று சொல்லிவிட்டு, தாளில் இல்லாததையும் சேர்த்தார். "கைக்குழந்தை வெச்சிருக்கறவங்க சாயங்காலம் வெளியே போக வேண்டாம்." வானிலையில் இதெல்லாம் எதற்கு என்று தயாரிப்பாளர் திட்டியிருக்கிறார்.

ஒவ்வொரு நாளும் வந்து, "பாத்தாளா?" என்பார். உன் மார்ச் கடிதத்தை நம்பி, "பார்த்தாள்" என்று சொன்னேன். "எழுதினாளா?" என்பார். "இன்னும் இல்லை" என்பேன். உன்னிடம் சொல்லிவிடட்டுமா என்று நான் கேட்டபோது, "அவளா பாக்கட்டும். நீ சொல்லிப் பாத்தா அது பாத்ததே இல்லை" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்தச் சத்தியத்தை நான் காப்பாற்றியது தப்பு. இப்போது தெரிகிறது.

எல்லாம் உன் பெட்டியில் இருக்கிறது. போட்டுப் பார். குழந்தைக்கும் காட்டு. அவர் குரல் இனி அங்கே மட்டும்தான்.

அண்ணா


மே 22

அண்ணா,

இருபதாம் தேதி உன் கடிதம் வந்தது. நின்றபடியே படித்துவிட்டுப் போய்ப் பெட்டியைத் திறந்தேன்.

ஒன்றுகூட இல்லை.

குழந்தை மருத்துவர் அறுபத்தொன்று இருக்கிறது, எல்லாவற்றுக்கும் பூட்டு. கார்ட்டூன் இருக்கிறது. மே நாலாம் தேதியிலிருந்து அந்தப் பெண் வாசிக்கிற வானிலை இருக்கிறது. அதற்கு முந்தையதை எல்லாம் பெட்டி நீ சொன்னபடியே அழித்துவிட்டது. பூட்டியதைத் தொடவில்லை. மீதியில் பழையது எது என்று தேடி, நாளுக்கு ஒன்றாக அப்பாவை எடுத்திருக்கிறது. நீ மறக்காதே என்று எழுதினாய். நான் மறக்கவில்லை. அப்பாவுக்கு எதற்குப் பூட்டு, அவர்தான் தினமும் வருவாரே என்று நினைத்தேன்.

அழித்தவற்றின் பட்டியல் ஒன்று இருக்கிறது. பெயரும் தேதியும் மட்டும் மங்கலாகத் தெரிகிறது. அதில் அப்பா மட்டும் பிப்ரவரி பதிமூன்றிலிருந்து ஏப்ரல் முப்பது வரை எழுபத்தேழு நாள். பார்த்ததற்கு டிக் இருக்கும். ஒன்பதுக்கு இருக்கிறது. அறுபத்தெட்டுக்கு இல்லை.

மார்ச்சில் பார்த்தேன் என்று எழுதியது பொய். அப்போது அது பெரிய பொய்யாகத் தெரியவில்லை. பதிவாகிறது என்ற தைரியத்தில் பார்ப்பதை விட்டுவிட்டேன். பெட்டி இல்லாத காலத்தில், மாதத்தில் சில நாளாவது குழந்தையை இவர் கையில் திணித்துவிட்டு ஓடிப்போய் அவர் முன்னால் நின்றிருக்கிறேன். ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் ஏழு இருபதுக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? மறுநாள் வெளியே போவதற்கு இவளுடைய சட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன். டிவிக்கு இரண்டடி தள்ளி.

அப்பாவில் கடைசியாகப் போனது ஏப்ரல் முப்பது. போன வாரம்தான் அழிந்திருக்கிறது. ஒன்பதாம் தேதி உனக்கு அந்தக் கடிதத்தை எழுதிவிட்டு நேராகப் போய்த் திறந்திருந்தால் அந்தக் கடைசிச் சில நாளாவது மிஞ்சியிருக்கும். நேரம் கிடைக்கட்டும் என்று காத்திருந்தேன்.

டிவி நிலையத்தில் கேட்டுப் பார். டிஸ்க்கைக் கழற்றி இத்துடன் அனுப்புகிறேன். துணியில் சுற்றியிருக்கிறேன். எனக்கும் கட்டத் தெரியாது.

தங்கை


ஜூன் 3

அன்புள்ள வாலு,

டிவி நிலையத்துக்கு நேரில் போனேன். வானிலையை மட்டும் வைத்துக்கொள்வதில்லையாம். "நேத்தைய வானிலை யாருக்கு சார் வேணும்?" என்று அந்த ஆள் சாதாரணமாகத்தான் கேட்டார். 

டிஸ்க்கில் ஆறு நாள் போராடினேன். அழித்த இடத்தின் மேலேயே திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறது. ஒன்றும் மிஞ்சவில்லை. நான் ஏற்றிய மென்பொருள்தானே, ஏழு இருபதைக் குறித்த கையோடு ஒரு பூட்டையும் நானே போட்டு அனுப்பியிருக்கலாம்.

அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். நீ பார்க்கவில்லை என்பதையும், குழந்தை நனைந்ததையும். இரண்டாவதைக் கேட்டதும்தான் முகம் மாறியது. சிலேட்டில் 'இப்போ?' என்று எழுதிக் காட்டினார். தேறிவிட்டாள் என்றேன். சிலேட்டைத் துடைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இனிமேல் அவரைப் பற்றி எனக்கு எழுதாதே. வீட்டு முகவரி உனக்குத் தெரியும்.

அண்ணா


ஜூன் 11

அப்பாவுக்கு,

நலமா என்று தொடங்குவதுதான் வழக்கம். உங்களிடம் அதைக் கேட்கிற இடத்தில் நான் இருக்கிறேனா என்று தெரியவில்லை. அதனால் உங்கள் வழக்கப்படியே தொடங்குகிறேன்.

எங்கள் ஊரில் இன்று காலை வரையிலான இருபத்துநாலு மணி நேரத்தில் பதினாலு மில்லிமீட்டர் மழை. பள்ளிக்கூடத்துக்கு இவளைத் தூக்கிக்கொண்டு நானே போய் வாத்தியாரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டேன். குடை கொண்டுபோனேன். அதிகபட்ச வெப்பநிலை முப்பத்தொன்று. மதியத்திலிருந்து மேகமூட்டம். கைக்குழந்தை உள்ள வீட்டில் ஜன்னல் சாத்தியிருக்கிறது.

நான் பார்க்கவில்லை அப்பா. நீங்கள் சொன்ன எதையும் நான் கேட்கவில்லை. அண்ணா எழுதித்தான் எல்லாம் தெரியும். நீங்கள் சொன்ன மாதிரி, அது பார்த்ததில் சேராது.

உங்கள் இடத்தில் வாசிக்கிற பெண்ணை இப்போது தினமும் ஏழு இருபதுக்கு நேரில் பார்க்கிறேன். பதிவு செய்வதில்லை. பன்னிரண்டு ஊர் முடிந்ததும் எங்கள் ஊரையும் சொல்கிறாள். நீங்கள் சேர்த்தது என்று அவளுக்குத் தெரியாது. பட்டியலில் இருக்கிறது, வாசிக்கிறாள். எங்கள் ஊர்ப் பெயர் வரும்போது இவளைத் தூக்கிப் பிடிக்கிறேன்.

நீலச் சட்டையின் அளவு உத்தேசமாக வாங்கியது. கழுத்து இறுக்கமாக இருந்ததோ?

பதில் எதிர்பார்க்கவில்லை என்று எழுத நினைத்தேன். அதுவும் பொய்யாகிவிடும்.

உங்கள் மகள்


ஜூன் 18

மழை அளவு சரி. வானிலை ஆபீஸில் எழுதிக் காட்டிச் சரிபார்த்துக்கொண்டேன்.

சட்டை சரியாகத்தான் இருந்தது. கழுத்து இப்போதுதான் இறுக்கம்.

காற்று எந்தத் திசையிலிருந்து என்று நீ எழுதவில்லை. அது தெரியாமல் நாளைக்கு என்ன என்று சொல்ல முடியாது. எழுது.

அப்பா